பொன்னாடை வேண்டாம், சாய்தளம் போடுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். சென்ட்ரிங் வேலைக்குப் போன என் நண்பன் (வயது 29) கோவையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்து இருபது மாதங்கள் ஆகின்றன. முதுகில் ஆபரேஷன் செய்து கம்பி பொருத்தியிருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. மனைவியும் மூன்று வயது மகளும் இருக்கிறார்கள். காண்டிராக்டர் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டி, ஐம்பதாயிரம் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆரம்பத்தில் தினமும் போய்ப் பார்த்தோம். இப்போது போனால் 'தூங்குகிறான்' என்று சொல்லிவிடுகிறார்கள். இளைஞர் மன்றம் சார்பில் வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலி மடித்தபடி சுவரோரம் நிற்கிறது. அவனுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட, கோயில் கொடை மேடையில் பொன்னாடை போர்த்தி நிதி கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். ஆறு லட்சம் திரட்டி ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்கிறார்கள் வேறு சிலர். பக்கத்து ஊரில் பனையிலிருந்து விழுந்த அண்ணாச்சி ஒருவரும் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். ஊராகச் சேர்ந்து நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு லட்சத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். கைவிட்டுப் போனால் அது திரும்பி வராது. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ரத்தம் தொடர்பான சில நோய்களுக்கு நடைமுறையில் இருக்கும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்றவை ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கின்றன. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆறு லட்சம் கேட்கிறார்கள் என்பதிலிருந்தே மீதியைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் காயத்தில் திரும்பக்கூடிய உணர்வும் அசைவும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே திரும்பிவிடும். இருபது மாதம் கழித்து 'நடக்க வைக்கிறோம்' என்று யார் சொன்னாலும், எண்ணெய் வைத்தியரோ ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவரோ, பணப்பையை மூடிவையுங்கள்.

அடுத்து, 'தூங்குகிறான்' என்ற பதில். நண்பர் மனம் உடைந்துவிட்டார், தன்னம்பிக்கை கொடுத்தால் எழுந்து வெளியே வந்துவிடுவார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மனச்சோர்வு இருக்கலாம், அதற்கும் மருத்துவம் உண்டு. ஆனால் என்னிடம் வருகிறவர்களில், துணைக்கு வந்தவரை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு 'ஏன் வெளியே போவதில்லை?' என்று கேட்டுப் பொறுமையாக இருந்தால், பலரிடமிருந்து வருகிற பதில் வேறு. 'எப்போது நனையும் என்று தெரியாது, டாக்டர்.'

உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம் இதுதான். இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். நண்பர்களிடம் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். தண்டுவடம் அடிபட்டால் கால் மட்டும் செயலிழப்பதில்லை. சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாது, அடக்கவும் முடியாது. மலமும் அப்படித்தான். டீக்கடையில் நான்கு பேர் நடுவில் வேட்டி நனைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு முறை பிடித்துக்கொண்டால், எந்தப் பொன்னாடையும் அந்த மனிதரை வாசல் தாண்ட வைக்காது. நனையாமல் இருக்க அவர் கண்டுபிடிக்கும் வழி தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. நம் ஊர் வெயிலில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுவிடும், கல்லில் கொண்டுவிடும், கடைசியில் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் எளிய வழி. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, மெல்லிய டியூப் ஒன்றைத் தானே செலுத்திச் சிறுநீரை முழுவதும் வெளியேற்றிவிட்டு டியூபை எடுத்துவிடுவது. உங்கள் நண்பருக்குக் கைகள் நன்றாக வேலை செய்வதால் பெரும்பாலும் அவரே செய்துகொள்ள முடியும். தண்ணீர் குடிக்கும் நேரத்தையும் டியூப் போடும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி, அளவு பார்த்து, இரண்டு வாரம் பழகினால் இடைப்பட்ட நேரத்தில் பெரும்பாலும் நனையாது. மிச்சம் ஒழுகினால் மாத்திரை உண்டு. மலத்துக்கும் இதேபோல ஒரு நேரம் பழக்கலாம். தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், காலை உணவுக்குப் பின் அதே நேரத்தில், அதற்கென்று சொல்லித் தரும் முறையில். இவை பழகிவிட்டால் நாளின் மற்ற நேரம் அவர் கையில் வந்துவிடும்.

இதை வீட்டில் இருந்தபடி அரைகுறையாகக் கற்பதைவிட, மறுவாழ்வு மையம் ஒன்றில் சில வாரம் தங்கிக் கற்பது நல்லது. நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் உடற்பயிற்சிச் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1981-ல் அங்கே தொடங்கியது அது. தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கென்றே அங்கு ஒரு பிரிவு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்து இயங்குகிறது. அதைக் கட்டியெழுப்பிய மருத்துவர் மேரி வர்கீஸும் 1954-ல் நடந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். இந்த இருவரையும் கண்ணீர் வரவழைப்பதற்காகச் சொல்லவில்லை. இந்தக் காயத்தோடு வாழ்கிறவர்களே உருவாக்கிய இடங்களில், எந்தக் கேள்வியையும் கூச்சமில்லாமல் கேட்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அங்கே உங்கள் நண்பருக்குக் கிடைக்கப்போகும் பெரிய விஷயம், அவரைப் போலவே விழுந்து ஐந்து, பத்து வருடம் ஆன இன்னொருவர். டியூப் போடுவது எப்படி என்று நான் அரை மணி நேரம் விளக்கலாம். கல்யாண வீட்டுக்குப் போனால் எந்த இடத்தில், எப்படி மறைவாகச் செய்வது என்று அவர்தான் சொல்ல முடியும். மனைவியோடு தாம்பத்தியம் பற்றிக் கேட்கவும் அவர்தான் முதல் ஆள். அப்புறம்தான் மருத்துவர். கேட்கட்டும், அதற்கும் பதில்களும் மருந்துகளும் இருக்கின்றன. ஊர் திரும்பிய பின் அப்படி ஒருவரை மாதம் ஒரு முறையாவது அழைத்துவர ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். மன்றம் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்தச் சக்கர நாற்காலி. கோபப்படாமல் கேளுங்கள். விழாக்களில் கொடுப்பதற்கென்றே வருகிற மடக்கு நாற்காலி, ஆஸ்பத்திரியில் நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் செய்தது. அதில் நாள் முழுக்க உட்கார்ந்து வாழ முடியாது. ரெக்ஸின் இருக்கை நடுவில் தொய்ந்து, உட்காருமிடத்து எலும்பு இரண்டும் தோலை அழுத்தும். நமக்கு வலிக்கும், அசைந்து உட்காருவோம். அவருக்கு வலிக்காது. இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தால்கூடத் தோல் சாகத் தொடங்கலாம். படுக்கைப் புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறக் கிடக்க வேண்டும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. நாற்காலியைச் சுவரோரம் சாத்திவைத்தது அவருடைய உடம்பு செய்த சரியான முடிவாகக்கூட இருக்கலாம். இடுப்பகலமும் தொடை நீளமும் அளந்து வாங்கிய நாற்காலி வேண்டும். அதைவிட முக்கியம் அதன் மேல் போடும் மெத்தை. நிதி குறைவாக இருந்தால் முதலில் மெத்தையை வாங்குங்கள். நாற்காலியில் இருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், அல்லது முன்னால் நன்றாகக் குனிந்திருக்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒரு முறை புரள வேண்டும்.

தினமும் காலையும் இரவும் கைக்கண்ணாடி வைத்துப் பின்புறத்தையும் குதிகாலையும் பார்ப்பது பல் துலக்குவதுபோலப் பழக்கமாக வேண்டும். புத்தகங்களில் 'சிவந்திருக்கிறதா பாருங்கள்' என்று போட்டிருப்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு லேசில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று இருந்தால்கூட அது மறையும்வரை அந்த இடத்தில் எடை விழக் கூடாது. அந்த நாட்களில் நண்பர் மன்றக் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். இன்னொன்று, வெயிலில் நின்ற பைக் சீட்டில் உட்காரவைப்பது, சைலன்சர் பக்கம் கால் படுவது, மடியில் சூடான டீ டம்ளர் வைப்பது, கொடை நாளில் சுடு மணலில் கால் வைப்பது எல்லாம் உணர்வில்லாத தோலைப் பொசுக்கிவிடும். இரவில் எலி கடித்தும் தெரியாமல் கிடந்த கால்களைப் பார்த்திருக்கிறேன். கொசுவலையை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் சொருகச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். ஊர் செய்ய வேண்டிய முதல் வேலை, அவர் வீட்டு வாசலிலிருந்து டீக்கடைவரை, யாரும் தூக்காமல் அவர் வந்து சேரும்படி வழி அமைப்பது. எங்கள் கணக்கில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். வீட்டுப் படி ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி சாய்தளம். தெருவில் அவ்வளவு இடம் இருக்காது, அதனால் சுவரை ஒட்டிப் போய்த் திரும்பும்படி போட வேண்டும். திரும்புமிடத்தில் சமதளம் ஐந்தடி வேண்டும். நல்லெண்ணத்தில் இரண்டு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவிடாதீர்கள், நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்.

இந்தக் கணக்கையெல்லாம் நான் ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்று எழுதும்போதே தோன்றுகிறது. உங்கள் நண்பர் சென்ட்ரிங் வேலைக்காரர். மட்டம் பார்ப்பதும் சரிவு எடுப்பதும் பலகை அடிப்பதும் அவர் தொழில். எத்தனை மூட்டை சிமென்ட், எவ்வளவு ஜல்லி, தெருத் தண்ணீர் போக எங்கே குழாய் விட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் மன்றத்தில் யாரையும்விட அவருக்குத் தெரியும். அந்தச் சாய்தளத்துக்கு அவரையே மேஸ்திரியாக்குங்கள். அவர் கட்டிலில் இருந்தபடி அளவு சொல்லட்டும், நீங்கள் சட்டி தூக்குங்கள். வேலை சரியில்லை என்றால் திட்டட்டும். 'நம்பிக்கையோடு இரு' என்று பத்து பேர் சொல்வதைக் காட்டிலும், 'மட்டப்பலகையை எடுடா' என்று அவர் ஒருவரை அதட்டுவது அவருக்கு அதிகம் செய்யும். பிறகு கழிப்பறைக்கு அவரையே கேளுங்கள். கதவு இரண்டடி இருந்தால் நாற்காலி நுழையாது. குறைந்தது இரண்டே முக்கால் அடி வேண்டும். கோயில், ரேஷன் கடை, நூலகம், பஞ்சாயத்து அலுவலகம் எல்லாவற்றுக்கும் இந்த வேலை பாக்கி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுக் கட்டடங்களுக்கு இது சலுகை அல்ல, கடமை. கிராம ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் சட்டத் திருத்தமும் வந்திருக்கிறது. உங்கள் ஊராட்சியில் யாரை நியமிக்கப்போகிறார்கள் என்று விசாரியுங்கள்.

அவர் மனைவியைப் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கட்டிலிலிருந்து தூக்குவது, துடைப்பது, துவைப்பது, குழந்தை, அடுப்பு, ஒருவேளை வயல் வேலையும். இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்தில் முதுகுவலி நிரந்தரமாகிவிடுகிறது. மன்றத்தில் நிதானமான இரண்டு பேர், கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பலகை போட்டு நகர்த்தும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு பகல், தவறாமல் அதே கிழமை, அந்தப் பொறுப்பை எடுங்கள். அன்று அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போகட்டும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். பார்க்க வருகிற பெரியவர்கள் நண்பர் காதுபடவே 'இந்த வயசில் உனக்கு இப்படி ஒரு விதியா' என்று அந்தப் பெண்ணிடம் ஒப்பாரி வைப்பதை உங்கள் ஊர்ப் பெண்களே தடுத்து நிறுத்த வேண்டும். நான் எழுதினால் நடக்காது.

நாற்காலியைத் தள்ளுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள், கேட்காமல் பிடிக்காதீர்கள். படியில் தூக்க நேர்ந்தால் கழற்றக்கூடிய கைப்பிடியையும் கால்மிதியையும் பிடிக்காமல் சட்டத்தைப் பிடியுங்கள்.

பக்கத்து ஊர் அண்ணாச்சி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கழுத்திலோ மார்பின் மேல்பகுதியிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் திடீரென்று தலையே வெடிப்பதுபோல் வலி, முகத்திலும் கழுத்திலும் வியர்வை, முகம் சிவப்பது, ரத்த அழுத்தம் எகிறுவது என்று ஒரு நிலை வரும். 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று படுக்கவைத்துவிடுவார்கள். படுக்கவைக்கக் கூடாது. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் மலச்சிக்கல், அல்லது கீழே எங்காவது புண். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அழுத்தம் அதிகமானால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். அவர் வீட்டில் இருப்பவர்களுக்கு இதை நேரில் போய்ச் சொல்லுங்கள், சுவரில் எழுதி ஒட்டியும் வையுங்கள்.

அரசு உதவிகளைப் பொறுத்தவரை, அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதாமாதம் பராமரிப்புத் தொகை, மின்கலத்தில் ஓடும் நாற்காலி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் எல்லாம் அந்த அலுவலகம் வழியாகத்தான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் வீட்டுக்கே வருவார்கள். அண்ணாச்சிக்கு அது முக்கியம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மன்றம் திரட்டும் பணத்தை மேடையில் மொத்தமாகக் கொடுக்காமல், டியூபுக்கும் மாத்திரைக்கும் மருத்துவமனை வண்டிக்கும் மாதாமாதம் போகும்படி தனிக் கணக்கில் போடுங்கள். மேடை ஏறுவதா என்பதை நண்பரிடம் கேளுங்கள். அவருக்கு ஆசை இருந்தால் ஏறட்டும், அன்று சாய்தளம் மேடைக்கும் இருக்க வேண்டும்.

கடைசியாக, மிக அவசரமானது. வேலை நேரத்தில், வேலை செய்த இடத்தில் நடந்த விபத்து இது. தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டப்படி முதலாளி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது அந்தக் கடமையை ரத்து செய்யாது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் மனுவை விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்க இடமுண்டு, அதை நம்பி இருக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. விபத்து கோவையில் நடந்திருந்தாலும் அவர் குடியிருக்கும் பகுதிக்கு உரிய அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளி என்பதால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவருக்கு இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்யும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, விபத்துப் பதிவேட்டு நகல், காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அதன் நகல், கூட வேலை பார்த்த இருவரின் பெயர்கள், கூலி வந்ததற்குக் கைப்பேசியில் ஏதாவது ஆதாரம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அதுவும். வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கிருந்தும் தனியாக உதவித்தொகை உண்டு. காண்டிராக்டர் கையெழுத்து வாங்கிய தாளின் நகல் வீட்டில் இல்லை என்றாலும் பரவாயில்லை, இந்த வாரமே போங்கள்.